மருந்தடிக்குமுன் பூச்சியை அறிவோம்



நாம் பணிபுரியும் தோட்டத்தில், லயத்துக்குப் பின்னால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு நிலம் உண்டு. மிளகாய், கத்தரி, ஒரு பப்பாளி, நாலு வாழை. மாதக் கடைசியில் கடைக்கணக்கு ஏறிப்போன நேரத்தில் கைகொடுப்பது அந்தத் துண்டு நிலந்தான். சென்ற ஆண்டு அங்கே மிளகாய்ச் செடிகள் இலை சுருண்டு, குட்டையாகிக் காய்க்காமல் நின்றன. பால்வெட்டு வேலையில் இருக்கும் அக்காள் ஒருவர் ஒரு நாள் மாலை ஆபீசுக்கு வந்தார்.

“தம்பி, நாலு தடவை மருந்து அடிச்சாச்சு. செடி தேறல. எனக்குத்தான் ரெண்டு நாளா வாந்தி” என்றார்.

அவர் கையில் தண்ணீர்ப் போத்தல் ஒன்று. பாதி வரை மருந்து. வெளிக்காட்டு வேலைக்கு வந்ததில் மிச்சமாம். பெயர்ச்சீட்டு இல்லை. முதலில் அவரைக் கிளினிக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தோம். பிறகு, இது எந்தப் பூச்சிக்கு உரிய மருந்து என்று கேட்டோம். “பூச்சி மருந்துதான் தம்பி. பூச்சியெல்லாம் பூச்சிதானே?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. பூச்சி பயிரைத் தின்னும் என்ற அளவில் தமிழ்ப் பள்ளியில் படித்ததோடு சரி. பிறகு விவசாய இலாகாவின் அறிக்கைகளைத் தேடிப் படித்தோம்; தெரிந்தவர்களிடம் கேட்டோம். பூச்சியெல்லாம் ஒரே பூச்சி அல்ல என்பதை அறிந்தோம். வேறுபாடு தெரியாமல் மருந்தடிப்பதால் செடி பிழைப்பதில்லை. அடிக்கும் மனிதர் கெடுகிறார். இதைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

தின்னும் பூச்சியும் சுமக்கும் பூச்சியும்

பயிருக்குக் கேடு செய்யும் பூச்சிகளில் இரு வகை உண்டு. ஒன்று தின்பது. கம்பளிப்பூச்சி இலையைத் தின்றால் ஓட்டை தெரியும். பூச்சியைக் கொன்றால் தின்பது நிற்கும். மற்றொன்று சுமப்பது. அது குடிக்கும் சாறு கொஞ்சம். ஆனால் நோயுற்ற செடியில் குடித்த வாயோடு நல்ல செடியில் உட்காரும்போது நோயை அங்கே இறக்கிவிட்டுப் போகிறது. பூச்சி செத்த பிறகும் செடியில் நோய் இருக்கும். வைரஸ் பிடித்த செடியைக் குணமாக்கும் மருந்து கிடையாது.

சுமக்கும் பூச்சிகளிலும் எல்லாம் ஒரே மாதிரி சுமப்பதில்லை. சில கணநேரம் சுமக்கும். சில நாள்கணக்கில் சுமக்கும். சில சாகும்வரை சுமக்கும். எவ்வளவு நேரம் சுமக்கிறது என்பதைப் பொறுத்தே மருந்து பயன்படுமா, படாதா என்பது முடிவாகிறது.

கணநேரம் சுமக்கும் அசுவினி

1991-ஆம் ஆண்டில் ஜொகூரில் பப்பாளிக்கு ஒரு நோய் கண்டது. காயின் தோலில் வளையம் வளையமாகக் கோடு விழும், இலை மஞ்சள் படர்ந்து சுருங்கும், மரம் வீணாகும். வளையப்புள்ளி வைரஸ் என்று அதற்குப் பெயர். அதைச் சுமப்பது அசுவினி என்னும் சிறு பூச்சி.

அசுவினி பப்பாளி மரத்தில் குடியிருப்பதில்லை. வேறு செடியைத் தேடிப் பறந்து வரும்போது பப்பாளி இலையில் உட்காருகிறது. ஊசிபோன்ற வாயால் ஒரு முறை குத்திச் சுவை பார்க்கிறது. பிடிக்கவில்லை என்று அடுத்த மரத்துக்குப் பறக்கிறது. அந்த ஒரு குத்தில் வைரஸ் அதன் வாயில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த குத்தில் இறங்கிவிடுகிறது. இதற்குச் சில விநாடிகள் போதும். சில மணி நேரத்தில் அசுவினியின் வாயில் வைரஸ் இராது. அதற்குள் காரியம் முடிந்துவிடும்.

இப்போது சொல்லுங்கள்: மரத்தில் குடியே இராத பூச்சிக்கு மரத்தின்மேல் மருந்து அடித்து ஆவது என்ன? மருந்து பூச்சியைக் கொல்லும் முன்பே அது குத்திவிட்டுப் போயிருக்கும். நோய்கண்ட மரத்தை உடனே வெட்டிப் புதைப்பதும், நோயில்லாத கன்றை நடுவதும்தான் இங்கே வழி.

நாள்கணக்கில் சுமக்கும் பச்சைத் தத்துப்பூச்சி

நெல்வயல் நமக்குத் தொலைவாக இருக்கலாம். ஆனால் அங்கே நடந்த கதை தொழிலாளியாகிய நாம் யாவரும் அறிய வேண்டிய கதை.

1938-ஆம் ஆண்டு முதலே நம் நாட்டு நெல்வயல்களில் ‘பென்யாக்கிட் மேரா’ என்ற சிவப்பு நோய் பதிவாகியிருக்கிறது. பயிர் குட்டையாகி இலை ஆரஞ்சு நிறமாக மாறும், கதிர் பதராகும். மண்ணில் உள்ள குறைதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1965-இல்தான் பிலிப்பைன்ஸிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்து அறிஞர்களும் நம் நாட்டு அறிஞர்களும் சேர்ந்து, இது வைரஸ் நோய் என்றும், சுமந்து செல்வது பச்சைத் தத்துப்பூச்சி என்றும் காட்டினார்கள். துங்ரோ என்று உலகம் அறிந்த நோய் இதுதான். ஆக, 27 ஆண்டுகள் விவசாயி தன் மண்ணையே நொந்துகொண்டிருந்தான். குற்றவாளியோ இலைமேல் தத்திக்கொண்டிருந்தது!

இந்த நோயில் வைரஸ்கள் இரண்டு. ஒன்று பயிரைக் கடுமையாக வாட்டுகிறது. ஆனால் அதற்குத் தனியாகப் பூச்சிமேல் ஏறத் தெரியாது. மற்றொன்று துணைக்கு வந்தால்தான் பூச்சி அதைச் சுமக்கும். பூச்சி தோல் உரித்தால் சுமை போய்விடும். உரிக்காவிட்டாலும் சில நாளில் தீர்ந்துவிடும். முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகாது. ஆதலால் நோயுற்ற பயிர் பக்கத்தில் இல்லாவிட்டால் பூச்சி வெறும் பூச்சிதான்.

இங்கே மருந்தைவிட வலியது காலம். வட்டாரம் முழுவதும் ஒரே சமயத்தில் நட்டு, ஒரே சமயத்தில் அறுத்து, தாளையும் களையையும் உழுது அழித்துச் சில வாரம் வயலைக் காயவிட்டால் பூச்சிக்குச் சுமக்க நோய் கிடைக்காது. 1980-களின் தொடக்கத்தில் கெடா முடா வட்டாரத்தை இந்நோய் தாக்கியபோது அடித்துச் சொல்லப்பட்ட பாடம் இது. ஒருவர் மட்டும் செய்தால் பயனில்லை. எல்லாரும் சேர்ந்து செய்தால்தான் பயன். சங்கத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சாகும்வரை சுமப்பவை

புகையான் என்ற பழுப்பு நிறத் தத்துப்பூச்சி நெல்லின் அடித்தண்டில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றைக் குடித்து, வயலைத் தீய்ந்ததுபோல் ஆக்கிவிடும். அதோடு பயிரைக் குட்டையாக்கும் வைரஸ்களையும் சுமக்கிறது. அசுவினிபோல் வாயில் ஒட்டிக்கொண்டு போவதில்லை. வைரஸ் அதன் உடலுக்குள் புகுந்து பெருகுகிறது. அதற்கு ஒரு வாரத்துக்குமேல் பிடிக்கும். பிறகு பூச்சி சாகும்வரை பரப்பும்.

சாகும்வரை சுமப்பதைக் கொன்றால் தீராதா என்று கேட்பீர்கள். இந்தோனேசியாவில் அப்படித்தான் நினைத்தார்கள். அரசே மானியம் கொடுத்து மருந்து அடிக்கச் சொன்னது. புகையான் குறையவில்லை, பெருகியது. ஏனெனில் அதைப் பிடித்துத் தின்னும் சிலந்தியை மருந்து கொன்றது. புகையானின் முட்டையோ தண்டுக்குள் பத்திரமாக இருந்தது. முடிவில் 1986-ஆம் ஆண்டு அந்நாட்டு அதிபர் 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று கட்டளையிட்டார். பிறகு மானியத்தையும் படிப்படியாக நிறுத்தினார்கள்.

எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களின் கதை இன்னும் கடுமை. சைலிட் என்ற சிறு பூச்சி இளந்தளிரில் வாழ்வது. அது சுமப்பது வைரஸ் அல்ல, பாக்டீரியா. இலை மஞ்சளாகும், காய் பச்சையாகவே கோணிப்போகும், மரம் சில ஆண்டில் சாகும். இப்பூச்சி நம் லயத்துக் கறிவேப்பிலை மரத்திலும் குஞ்சு பொரிக்கும். நோய் கடுமையாகத் தாக்குவதோ எலுமிச்சை இனத்தை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இப்பூச்சி 1998-இலும் நோய் 2005-இலும் காணப்பட்டன. மருந்துக்கும் பணத்துக்கும் அங்கே பஞ்சமில்லை. ஆயினும், 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலத்தில், புயல்களும் சேர்ந்துகொள்ள, 2022-23 பருவத்தில் 2 கோடிப் பெட்டிகூட விளையவில்லை.

இந்நோய் தொலைவிடங்களுக்குப் போவது பூச்சியின் சிறகால் மட்டுமல்ல. நோயுற்ற மரத்தில் ஒட்டுக்கட்டிய கன்றை லாரியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்புவது மனிதன். ஆதலால் கன்று வாங்கும்போது மலிவு பார்ப்பதற்குமுன் அது எந்த நாற்றங்கால் என்று பார்க்க வேண்டும்.

பூச்சியைச் சுமக்கும் எறும்பு

ஜொகூர் அன்னாசித் தோட்டங்களை அறிந்தவர்கள் வாடல் நோயையும் அறிவார்கள். அதற்குக் காரணமானது மாவுப்பூச்சி. வெள்ளை மாவு பூசியதுபோல் செடியின் அடியில் ஒட்டிக்கிடக்கும். அதனால் வேகமாக நடக்கவும் முடியாது. பிறகு எப்படி ஏக்கர் கணக்கில் பரவுகிறது?

எறும்புதான் துணை. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. அதைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டுகிறது. செடிவிட்டுச் செடி கொண்டும் போகிறது. ஹவாய்த் தீவில் 1930-களில் வால்டர் கார்ட்டர் என்ற அறிஞர் இந்நோயை விரிவாக ஆராய்ந்தார். எறும்பை அடக்கினால் மாவுப்பூச்சி தானே குறையும் என்பது அத்தீவின் தோட்டங்கள் கண்ட அனுபவம். செடி வாடியதற்கு மாவுப்பூச்சியை மட்டும் பார்ப்பவன் பாதிதான் பார்க்கிறான்.

அக்காளின் மிளகாய்

இனி அந்த மிளகாய்ச் செடிக்கு வருவோம். மிளகாய் இலை சுருள்வதற்குக் காரணம் ஒன்றல்ல. வெள்ளை ஈ சுமக்கும் வைரஸாலும் சுருளும். இலைப்பேன் சாறு குடித்தாலும் சுருளும். சிலந்திப்பேன் என்ற, எட்டுக் கால் உள்ள, பூச்சி இனத்தையே சேராத ஒன்றினாலும் சுருளும். வெள்ளை ஈயின் வைரஸ் என்றால் சுருண்ட செடி தேறாது. பிடுங்கி எறிய வேண்டும். சிலந்திப்பேன் என்றால் பூச்சிமருந்துகள் பலவும் அதன்மேல் வேலை செய்யா. இலையைத் திருப்பிப் பார்க்காமல் நாலு தடவை அடித்த மருந்தில் செடிக்குப் போனது எவ்வளவு? அக்காளின் மூச்சில் போனது எவ்வளவு?

வாழைக்கும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். இரத்த நோய் என்ற வாழை நோய் நம் நாட்டிலும் உண்டு. காயை வெட்டினால் உள்ளே செம்பழுப்பாக அழுகியிருக்கும். வாழைப்பூவுக்கு வரும் பூச்சிகளின் உடலில் ஒட்டிக்கொண்டு இந்நோய் போகிறது. நோயுற்ற மரத்தில் பட்ட கத்தியிலும் ஒட்டிக்கொண்டு போகிறது. ஆதலால் கடைசிச் சீப்பு விட்டதும் பூவை எடுத்துவிடுவது நல்லது. சமையலுக்கு வாழைப்பூ எடுக்கும் நம் பெண்கள், ஒரே கத்தியோடு பத்து மரத்துக்குப் போகாமல், கவைக்கோலால் ஒடித்து எடுப்பார்களானால் கறிக்கும் பூ கிடைக்கும், மரமும் பிழைக்கும்.

உளியும் பதிவேடும்

கத்தியும் நோய் சுமக்கும் என்றோம். இங்கேதான் கதை நம் வேலைக்கே வந்து சேருகிறது.

ரப்பர் மரத்தின் பெரிய நோய்கள் பூச்சியை நம்பியிருப்பவை அல்ல. வெள்ளை வேர் நோய் வேரோடு வேர் தொட்டுப் பரவுகிறது. 2017 முதல் நம் நாட்டில் இலையுதிர்த்துப் பால் குறையச் செய்த புதிய நோய் பூஞ்சணத்தால் வருவது. காற்றிலும் மழையிலும் போவது. ஆனால் மழைக்காலத்தில் வெட்டுப்பட்டையில் வரும் அழுகல் இருக்கிறதே, அது வெட்டுக்காரரின் உளியிலும் ஒட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போகும். அசுவினியின் வாய் எப்படியோ, கழுவாத உளியும் அப்படித்தான்.

சில ஆண்டுகளுக்குமுன், நாம் அப்போது வேலை பார்த்த தோட்டத்தில், ஒரு பெரியவரின் நிரையில் பட்டை அழுகியது. “உன் உளிதான் பரப்பியது” என்று மேலிடம் சொன்னது. அவரைப் பால் குறைந்த நிரைக்கு மாற்றினார்கள். அந்த மாதம் அவர் சம்பளம் இறங்கியது. “கவனக்குறைவு” என்று பதிவேட்டில் எழுதியது நம் கை. மறுக்கவில்லை, எழுதினோம்.

அதே மேசையில் ஸ்டோர் புத்தகமும் இருந்தது. அந்த ஆண்டு முழுவதும் உளியைத் தோய்க்க ஒரு டின் மருந்துகூடத் தோட்டத்துக்கு வாங்கப்படவில்லை என்பது அதில் தெளிவாக இருந்தது. தோய்ப்பதற்கு நேரமும் ஒதுக்கப்படவில்லை. விடியுமுன் நிரையில் இறங்கி நூற்றுக்கணக்கான மரத்தை வெட்டி முடிக்க வேண்டிய மனிதர், எதில் தோய்ப்பார், எப்போது தோய்ப்பார்? இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நமக்கு அன்று தோன்றவில்லை. அந்தப் பெரியவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். நாம் இன்னும் அதை மறக்கவில்லை.

சிவப்பு நோய்க்கு மண்ணைப் பழித்ததும், பட்டை அழுகலுக்குப் பெரியவரைப் பழித்ததும் ஒரே பிழைதான். சுமந்தது எது, சுமக்க விட்டது எது என்று முழுக் கணக்கும் பார்க்காமல் அருகில் இருப்பதன்மேல் குற்றத்தைப் போடுவது எளிது. எளிதான கணக்கு எப்போதும் ஏழையின் பற்றில்தான் எழுதப்படுகிறது.

நாம் கேட்க வேண்டியவை

சிலர் சொல்வார்கள்: “மருந்து வேண்டாம் என்றால் பயிர் எப்படிப் பிழைக்கும்?” மருந்தே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இளங்கன்றுகளில் சைலிட்டை அடக்க மருந்து உதவும். சரியான பூச்சிக்குச் சரியான வேளையில் சரியான அளவில் அடித்தால் பயனுண்டு. பெயர் தெரியாத நோய்க்குப் பெயர் தெரியாத மருந்தை, முகமூடியும் கையுறையும் இல்லாமல் அடிக்கச் சொல்வதைத்தான் எதிர்க்கிறோம். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை நினைத்துப் பாருங்கள். அதன் கேடு தெரிந்து 2002-இல் தடை அறிவித்தார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், 2020 சனவரி முதல் நாள்தான் அது முற்றாகத் தடையானது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதை முதுகில் சுமந்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள்.

ஆதலால் ஒவ்வொரு தோட்டக் கிளையும் நான்கு கோரிக்கைகளை முன்வைக்க வேண்டும்.

முதலாவது: மருந்தடிக்க அனுப்புமுன், எந்த நோய், எது சுமக்கிறது, எந்த மருந்து, என்ன காப்பு என்பதை அடிப்பவருக்குப் புரியும் மொழியில் பிரட்டிலேயே சொல்ல வேண்டும். 1994-ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி தகவலும் பயிற்சியும் தருவது முதலாளியின் கடமை. 2024 சூன் முதல் நாள் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து என்று நம்பத் தகுந்த காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அவ்விடத்தைவிட்டு விலகலாம். இது சலுகை அல்ல, உரிமை.

இரண்டாவது: மழைக்காலத்தில் உளி தோய்க்கும் மருந்தைத் தோட்டமே வாங்கித் தர வேண்டும். தோய்க்கும் நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும்.

மூன்றாவது: மிச்ச மருந்தும் காலிப் போத்தலும் லயத்துக்கு வரக் கூடாது. ஸ்டோரில் பூட்டி வைப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருப்பது நம் பொறுப்பு.

நான்காவது: லயத்துத் தோட்டங்களைப் பார்த்து ஆலோசனை சொல்ல விவசாய இலாகா அதிகாரியை ஆண்டுக்கு ஒரு முறையாவது அழைக்க வேண்டும். கடிதம் எழுதக் கிராணிமார் இருக்கிறோம். அந்தப் பேனாவை இதற்கும் எடுப்போம்.

கிராணித் தோழர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. நம் மேசையில் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. யார்மேல் குற்றம் என்று ஒன்றில் எழுதச் சொன்னால், எழுதுமுன் மற்றதைத் திறந்து பாருங்கள்.

அந்த அக்காள் சுருண்ட செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டார். இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். புதிய நாற்றுப் போட்டிருக்கிறார். போத்தல் ஸ்டோருக்குத் திரும்பிப் போயிற்று. அவர் கேட்ட கேள்விக்கு இன்று நம்மிடம் விடை இருக்கிறது. இல்லை அக்கா, பூச்சியெல்லாம் ஒரே பூச்சி அல்ல. அறிந்துகொண்டு கையை ஓங்குவோம். ஒன்றுசேர்ந்து உரிமையைக் கேட்போம்!